கும்பார்வாடாப் பானையும் மாஹிம் சேறும்

கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் போனோம். சயான்–பாந்திரா இணைப்புச் சாலையின் ஓரம், மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தோடு கலக்கும் இடம். இந்தக் கரையில் தாராவி. எதிர்க்கரையில் பாந்திரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே அலையாத்தி மரங்கள். அவற்றின் காலடியில் குச்சி நட்டு வைத்ததுபோல் நிற்கும் மூச்சுவேர்கள், அவற்றில் சிக்கிக்கிடக்கும் பிளாஸ்டிக் பைகள். தம்பி மகள் கையில் பழைய பெயிண்ட் வாளி, என் கையில் கொத்தனார் கரண்டி.

கரண்டியை இறக்கினேன். மேலே ஒரு தோசைக் கனத்துக்குச் செம்பழுப்பு. அதற்குக் கீழே மையைக் கொட்டியதுபோல் கன்னங்கரிய சேறு. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வந்தது.

"இத வீட்டுக்குள்ள கொண்டு போனா அம்மா நம்ம ரெண்டு பேரையும் வெளிய படுக்க வெச்சிருவா, பெரியப்பா."

"வேரைப் பாரு முதல்ல" என்றேன். மூச்சுவேர் ஒன்றைச் சுற்றி, கறுப்புச் சேற்றுக்குள்ளேயே, சுண்டுவிரல் அகலத்துக்குத் துருப்பிடித்த நிறத்தில் ஒரு வளையம். வேர் காற்றைக் கீழே கொண்டுபோகிறது. கசியும் ஆக்ஸிஜன் பட்ட இடத்தில் இரும்பு மறுபடி துருவாகிறது. ஒரு விரல் தள்ளினால் ஆக்ஸிஜன் இல்லை, கறுப்புதான். அந்தக் கறுப்பில் வாழ்கிறவர்களைத் தேடித்தான் நான் திருநெல்வேலியில் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் ஏறி வந்திருந்தேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி தாராவிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் மகள் மாட்டுங்காவில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "பெரியப்பா, சேத்துல இருந்து கரண்ட் எடுக்கலாமாமே, நெசமா?" என்று ஒரு ராத்திரி போனில் கேட்டாள். நிஜம்தான் என்று சொல்லி வைத்துவிட மனம் வரவில்லை. பழைய டார்ச் பேட்டரிகளை உடைத்துக் கரிக்கட்டைகளை எடுத்தேன். ஒட்டியிருந்த கறுப்புப் பொடி போகும்வரை தேய்த்து, இரண்டு தடவை கொதிக்க வைத்து, அல்வாப் பொட்டலத்தோடு பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வயல்காட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தச் சேற்றின் ஒன்றுவிட்ட உறவுக்காரனைத் தெரியும். தாமிரபரணிப் பாசனத்தில் தண்ணீர் கட்டிய வயலில் சில வாரம் கழித்து மிதித்தால், மேலே செம்மையாக இருக்கும் மண் உள்ளே சாம்பல் நிறமாக மாறியிருக்கும். வரப்போரத் தண்ணீரில் எண்ணெய் சிந்தியதுபோல் வானவில் மின்னும் ஒரு படலம் மிதக்கும். டீசல் பம்புதான் ஒழுகுகிறது என்று எங்கள் அப்பா திட்டுவார். குச்சியால் தொட்டால் எண்ணெய்ப் படலம் மறுபடி ஒன்றுசேரும். இதுவோ கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து தனித்தனியாக நிற்கும். அது இரும்பு. மண்ணுக்குள் துருவாக இருந்தது கரைந்து மேலே வந்து, காற்றுப் பட்டதும் ஏடு கட்டுகிறது. அந்தத் துருவைக் கரைத்தது பாக்டீரியா என்பதைப் பாடப்புத்தகத்தில் நான் ஒருநாளும் படித்ததில்லை. வேலையில் இருந்த கடைசி ஐந்தாறு வருஷங்களில் நானாகத் தேடிப் படித்ததுதான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு தேரா கம்பவுண்ட் வழியாக நடந்தோம். பெயிண்ட் டப்பா, பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி என ஊர் முழுக்கத் தூக்கி எறிந்ததைத் தரம் பிரித்து, கழுவி, விற்கும் இடம். அங்கே நின்றுதான் அவளுக்கு விளக்கினேன். எந்த உயிரும் தின்னும்போது உணவிலிருந்து எலக்ட்ரான்களை உருவுகிறது. அவை கைமாறி ஓடும்போதுதான் உயிருக்குச் சக்தி. ஓடி முடிந்த எலக்ட்ரானை வைத்துக்கொள்ள முடியாது, தள்ளிவிட்டே ஆக வேண்டும். அதை வாங்க ஆள் இல்லாவிட்டால், முன்னால் சோறு குவிந்து கிடந்தாலும் உயிர் பட்டினிதான். நம் வாங்குபவர் ஆக்ஸிஜன். நாம் மூச்சு இழுப்பதே அதற்காகத்தான். ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் நைட்ரேட், மாங்கனீஸ், இரும்புத் துரு, கடல்நீரில் இருக்கும் சல்ஃபேட் என்று வாங்குபவர்களின் வரிசை இறங்கிக்கொண்டே போகும். சல்ஃபேட் வாங்கினால் முட்டை நாற்றம். அந்த நாற்றமும் கரைந்த இரும்பும் சேர்ந்தால் இந்த மைக் கறுப்பு.

இதில் சிக்கலான வாங்குபவர் துருதான். ஆக்ஸிஜனும் நைட்ரேட்டும் கரைந்து செல்லுக்குள் வந்துவிடும். துரு கல். உள்ளே வராது. அது வரவில்லை என்றால் பாக்டீரியாதான் எலக்ட்ரானை வெளியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செல்லைச் சுற்றியிருப்பதோ கொழுப்புச் சவ்வு, மின்சாரம் கடத்தாத பொருள். 1980களின் கடைசி வரை இப்படி ஒன்று நடக்கும் என்று பெரும்பாலோர் நம்பவில்லை. 1987-இல் டெரெக் லவ்லி அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் பிறகு ஜியோபாக்டர் என்று பெயர் பெற்றது. 1988-இல் கென்னத் நீல்சனும் சார்ல்ஸ் மையர்ஸும் நியூயார்க் மாநிலத்து ஒனைடா ஏரியில் கிடைத்த இன்னொன்றைப் பற்றி எழுதினார்கள். அது திட மாங்கனீஸையே சுவாசித்தது. இன்று அதன் பெயர் ஷீவனெல்லா. ஆற்றுச் சேறு, ஏரிச் சேறு. நம் ஊர்க் குளத்தில் கிடைக்காத பொருள் ஒன்றும் இல்லை.

பானை வாங்கக் கும்பார்வாடாவுக்குப் போனோம். தொண்ணூறடி ரோட்டை ஒட்டி, சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் தெரு. வீட்டு முன்னால் சக்கரம், சந்துக்கு நடுவே சூளை. பஞ்சுக் கழிவு எரியும் புகை கண்ணைக் கரித்தது. பெரியவர் ஒருவர் அகல்விளக்குகளை வெயிலில் திருப்பிக்கொண்டிருந்தார். மெருகு போடாத சின்னக் கலயம் இரண்டு வேண்டும், தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் வியர்க்க வேண்டும் என்று அவள் இந்தியில் கேட்டாள். அவர் நான்கைந்தை எடுத்துத் தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலித்த இரண்டைத் தந்தார். அவை நன்றாக வேகாதவை, அதிகம் வியர்க்கும். விற்கத் தயங்கியவற்றைத் தேடி வாங்குகிறோமே என்று அவருக்கு ஆச்சரியம்.

வேகாத பானை எதற்கு என்றால், சேற்றையும் வெளித் தண்ணீரையும் பிரித்து வைக்கவும் வேண்டும், மின்னேற்றம் பெற்ற அயனிகள் நடுவே போய்வரவும் வேண்டும். ஆய்வகத்தில் இதற்கு நாஃபியான் என்ற விலை உயர்ந்த சவ்வு வைப்பார்கள். காரக்பூர் ஐஐடியில் மகாராஷ்டிரக்காரரான பேராசிரியர் கங்ரேக்கரின் குழு அதற்குப் பதிலாக மண்பானையை எடுத்தது. அரிசி ஆலைக் கழிவுநீரைப் பானையிலும் சவ்வு வைத்த கலத்திலும் ஓட்டிப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். கழிவைச் சுத்தம் செய்ததிலும் மின்சாரம் தந்ததிலும் பானை முந்தியது. பிறகு அதே குழு கழிப்பறைக் கழிவை வைத்து விளக்கெரித்தது. நெல் அவிக்கும் ஆலைகளின் பக்கத்தில் வாழ்ந்தவன் நான். அந்தப் புளித்த தண்ணீர் வாய்க்காலில் கலப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நுண்ணுயிரிலிருந்து மின்சாரம் என்பதை முதலில் அளந்து எழுதியவர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எம். சி. பாட்டர். ஆண்டு 1911. அவர் குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் குயவர் என்று பொருள். சூளைப் பக்கம் நின்று அதைச் சொன்னபோது பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில், சேற்றில் பாதியைக் கொதிக்க வைக்க சூளையோரத் தணலையும் கொடுத்தார். கொதித்த சேறு ஒரு கலயத்தில், கொதிக்காதது ஒன்றில். இரண்டையும் உப்புத் தண்ணீர் நிரப்பிய பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, உள்ளே ஒரு கரிக்கட்டை, வெளியே ஒரு கரிக்கட்டை, நடுவில் பழுப்பு–கறுப்பு–சிவப்புக் கோடு போட்ட ஆயிரம் ஓம் மின்தடை. பாக்டீரியாவுக்கு நாம் கொடுக்கும் புது வாங்குபவர் உள்ளே இருக்கும் கரி. அது வாங்கிய எலக்ட்ரான் கம்பி வழியே வெளிக்கரிக்குப் போய் அங்கே ஆக்ஸிஜனைச் சேரும்.

தம்பி வீட்டில் இடம் ஏது? அடுப்பங்கரையில் குடிதண்ணீர் டிரம்முக்கு மேலே பரண். "அத்தான், ஒரு வாரந்தான், சரியா?" என்று தம்பி மனைவி டப்பாக்களை இறுக்க மூடி வைத்தாள். மின்தடையைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தோம். உயிருள்ள சேறு 60 மில்லிவோல்ட். கொதித்த சேறு 90. பிள்ளை முகம் விழுந்துவிட்டது. கொதித்தாலும் அதிலிருக்கும் சல்ஃபைடு போகாது, அது வெறும் வேதியியலாகவே கொஞ்ச நேரம் எலக்ட்ரான் கொடுக்கும், பொறு என்றேன். சொன்னேனே தவிர எனக்கும் உள்ளூர உதைப்புதான்.

விடியற்காலை நாலரை மணிக்குத் தொண்ணூறடி ரோட்டின் பின்சந்துகளில் நடந்தால் ஆவியும் உளுந்து வாசனையும் சேர்ந்து வரும். எங்கள் சீமைப் பெண்கள் இங்கே வீட்டுக்கு வீடு இட்லி அவிக்கிறார்கள். ஆறு மணிக்கெல்லாம் அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறி மும்பையின் பல மூலைகளுக்கும் போய்விடுகின்றன. ஒரு வீட்டு வாசலில் நீல டிரம்மில் மாவு பொங்கி விளிம்பைத் தொட்டு நின்றது. அக்கா ஒருவர் கரண்டியை விட்டதும் புஸ்ஸென்று அடங்கியது. இந்த மாவும் எலக்ட்ரான் தள்ளும் கதைதான். டிரம்முக்குள் காற்று இல்லை. மாவின் சர்க்கரையைத் தின்ற பாக்டீரியா, தின்றதில் மிஞ்சிய பைருவேட்டின் மேலேயே எலக்ட்ரானை ஏற்றிவிடுகிறது. அதுதான் லாக்டிக் அமிலம், அதுதான் புளிப்பு.

இதை இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 2022-இல் வந்த ஓர் ஆய்வு என்னை விடவில்லை. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து மரியா மார்க்கோவும் டெக்சஸின் ரைஸ் பல்கலைக்கழகத்து கரோலின் அஜோ-ஃபிராங்க்ளினும் தங்கள் குழுவோடு செய்தது. லாக்டோபசில்லஸ் பிளாண்டேரம், நம் இட்லி மாவிலும் பலமுறை கண்டெடுக்கப்பட்ட அதே இனம், தகுந்த சூழல் கிடைத்தால் செல்லுக்கு வெளியே இருக்கும் இரும்புக்கும் மின்முனைக்கும் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. கீரைச்சாற்றில் மின்முனையை வைத்தபோது புளிப்பும் வேகமாக ஏறியது. புளிக்க வைத்துச் சாப்பிடும் நம் போன்ற சமூகங்களுக்கு இதைவிட நெருக்கமான செய்தி எது? மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கடையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அவளிடம் இதைச் சொன்னேன். அவள் இட்லியைக் கண்ணருகே கொண்டுபோய் அதன் துளைகளை வெகுநேரம் பார்த்தாள்.

அங்கேயே, பூக்கடை வாசனையில் நடந்தபடி, கம்பி கதையும் வந்தது. ஷீவனெல்லா எலக்ட்ரானை வெளியேற்ற சவ்வைத் துளைத்து ஒரு புரதக் குழாயை நட்டு, அதற்குள் ஹீம் வரிசை ஒன்றை அடுக்கி வைத்திருக்கிறது. ஹீம் என்பது நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே இரும்பு வளையம். ஒரு ஹீமிலிருந்து அடுத்ததற்கு எலக்ட்ரான் தாவுகிறது. போதாததற்கு ஃபிளேவின்களையும் வெளியே விடுகிறது. நாம் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையில் விழுங்கும் பி2 அந்தக் குடும்பம்தான். அது எலக்ட்ரானை ஏந்திப்போய் இறக்கிவிட்டுத் திரும்பி வரும் கூலியாள்.

ஜியோபாக்டரோ கம்பியே போடுகிறது. 2005-இல் அதன் உடலிலிருந்து நீளும் மயிர் போன்ற இழைகள்தான் கம்பி என்று லவ்லியின் குழு எழுதியது. அந்த இழைகளின் கடத்துத்திறனை அளந்து 2011-இல் எழுதிய கட்டுரையின் முதல் ஆசிரியர் நிகில் மால்வண்கர். நம் பவாய் ஐஐடியில் இயற்பியல் படித்துவிட்டு மாசசூசெட்ஸ் போனவர். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வகத்தை அமைத்தார். 2019-இல் எட்வர்ட் எகல்மேன் குழுவோடு சேர்ந்து அந்த இழையை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அணுவாகப் பார்த்தபோது கிடைத்தது வேறு. அது ஓஎம்சிஎஸ் என்ற ஹீம் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம். ஒவ்வொரு மணியிலும் ஆறு ஹீம். கனம் நான்கு நானோமீட்டர் அளவு, தலைமயிரில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கு. தான் முன்பு எழுதியதையே தன் ஆய்வகத்தில் திருத்தி எழுதினார் அந்த மனிதர். லவ்லி தரப்பு இன்னும் முழுதாக ஒப்பவில்லை, வாதம் நடக்கிறது. வகுப்பில் நான் ஒருநாளும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. விஞ்ஞானம் முடிந்த கணக்கு என்றே சொல்லிக்கொடுத்தேன். முப்பது வருஷப் பிள்ளைகளிடம் அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது.

நாலாம் நாள் செம்பூர். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன், டிராம்பேயில் வேலை பார்த்து ஓய்வு பெறப்போகிறவன், சேடா நகர் முருகன் கோயில் வாசலில் காத்து நின்றான். ஆசியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956-இல் இயங்கத் தொடங்கியது அந்த டிராம்பேயில்தான். எங்கள் பேச்சு யுரேனியத்துக்கு வந்தது இயல்பு. துருவைச் சுவாசிக்கும் இந்த உயிர்கள் தண்ணீரில் கரைந்த யுரேனியத்தின் மேலும் எலக்ட்ரானை இறக்கும், அது கரையாத திடப்பொருளாகப் படிந்துவிடும் என்று லவ்லி குழு 1991-இல் காட்டியது. 2002-இல் கொலராடோவின் ரைஃபிள் என்ற ஊரில், பழைய யுரேனிய ஆலை நிலத்தடியில் அசிட்டேட்டைச் செலுத்தினார்கள். வினிகரின் உப்பு. ஓர் அசிட்டேட் மூலக்கூறைத் தின்றால் எட்டு எலக்ட்ரான் மிஞ்சும், ஓர் இரும்பணு வாங்குவதோ ஒன்றே ஒன்று. ஜியோபாக்டர் பெருகியது, தண்ணீரில் யுரேனியம் இறங்கியது. இரும்பு தீர்ந்ததும் சல்ஃபேட் வாங்கும் கூட்டம் மேலோங்கி, யுரேனியம் மறுபடி ஏறத் தொடங்கியது. "சார், கிருமிக்கு நம்ம வேலை தெரியாதுல்ல, அது பொழப்பைப் பாக்குது" என்றான் அவன்.

அவன் சொன்னது வங்காளத்தை நினைத்தால் நெஞ்சில் தைக்கிறது. அங்கே ஆற்று வண்டலின் துருவோடு ஆர்செனிக் ஒட்டிக்கிடந்தது. நிலத்தடியில் பாக்டீரியா அந்தத் துருவின் மேல் எலக்ட்ரானை வைக்க, துரு இளகி, ஆர்செனிக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இறங்கியது. மேற்கு வங்க வண்டலை வைத்தே இதைக் காட்டிய ஆய்வு 2004-இல் வந்தது. அங்கும் வங்கதேசத்திலும் கோடிக்கணக்கானோர் குடித்த தண்ணீர் அது. கொலராடோவில் விஷத்தைப் படிய வைத்த அதே செயல், வங்காளத்தில் விஷத்தை அவிழ்த்து விட்டது. தோல் பதனிட திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் பேரன்கள் இருக்கும் தெருவில் நின்று, மண்ணுக்குள் எதைக் கொட்டினோம், அங்கே எது அதைத் தொடும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆறாம் நாள் காலை. குழாயில் தண்ணீர் வரும் நேரம், சந்து முழுக்கக் குடமும் கூச்சலும். அவள் பரணிலிருந்து டப்பாக்களை இறக்கினாள். கொதித்த சேறு 120. மற்றதில் முனையை வைத்ததும் எண் 380, 400 என்று ஏறி 410-இல் நின்றது. கரிக்கட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்தோம். கறுப்பின் மேல் வழவழவென்று மெல்லிய ஏடு. விரலில் தேய்த்தால் பாசிபோல் வழுக்கியது. அவள் அதைத் துடைக்காமல் விரலை மூக்கருகே வைத்தாள். "நாத்தம் கொறஞ்சிருக்கு, பெரியப்பா." குறைந்துதான் இருந்தது.

உடனே சின்ன சிவப்பு எல்.இ.டி. ஒன்றை மாட்டினாள். எரியவில்லை. அதற்கு ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும், மின்னோட்டமும் பற்றாது. அடுப்படியில் விளக்கெரிக்கும் என்று அவள் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள் போல. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு தம்பி மனைவிதான், பழைய டிஜிட்டல் கடிகாரம் ஒன்றை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். "இது ஒத்தப் பேட்டரில ஓடும் அத்தான், இதுக்குப் பத்துமா?" 1.5 வோல்ட். நான்கு கலயங்களை வரிசையாகக் கோத்தால் எட்டலாம். ஒன்று இளைத்தால் மற்ற மூன்றையும் இழுத்துவிடும், நான்கும் ஒரே சேறாக, ஒரே நாளில் வைத்ததாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அன்று மாலையே தாதரில் ரயிலேறினேன்.

ஊருக்கு வந்த மூன்றாவது வாரம், ராத்திரி பத்து மணிக்கு மேல் போன். பின்னால் அவள் அம்மா யாரையோ தள்ளி நிற்கச் சொல்லும் குரல்.

"பெரியப்பா, கடிகாரத்துல நம்பர் வந்துட்டு. பன்னெண்டு, ரெண்டு புள்ளி, சைபர் சைபர்னு மினுக்கிட்டே இருக்கு. நேரத்தத் திருப்பி வெச்சிரட்டா, இல்ல தொட்டா நின்னுருமா?"